மதிப்பெண் அளப்பது எதை?

சிங்கப்பூரில் பிஎஸ்எல்இ எனப்படும் தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வின் முடிவு வெளியாகும் நவம்பர் கடைசியில், தேக்கா காப்பிக்கடைகளில் ஒரே கேள்விதான் சுற்றிவரும். “பேத்திக்கு எவ்வளவு வந்துச்சு?” “எட்டு.” கேட்டவர் முகம் வாடிப்போகும். பிள்ளைகள் காலத்தில் 230, 250 என்று கேட்டுப் பழகிய காது அது. இப்போதைய முறையில் எண் குறையக் குறைய நல்லது, எட்டு என்றால் அருமையான முடிவு என்று விளக்கி முடிப்பதற்குள் காப்பி ஆறிவிடும்.

அந்தக் குழப்பமாவது பேசினால் தீரும். அந்த எண் பிள்ளையைப் பற்றி என்ன சொல்கிறது என்பதில்தான் ஆளுக்கொரு பக்கம் இழுக்கிறார்கள். “படிப்பு ஏறாதவன் கைத்தொழிலுக்குப் போகட்டும்” என்பது ஒரு பேச்சு. “மார்க்குல என்ன இருக்கு, எல்லாப் பிள்ளையும் ஏதோ ஒரு வகையில மேதைதான்” என்பது இன்னொன்று. முதல் பேச்சு சுடும், அடுத்தது இனிக்கும். உரசிப் பார்த்தால் இரண்டுமே தேறாது. தேர்வு அளப்பது ஒன்று, ஆளிடம் இருக்கும் ஆற்றல் ஒன்று, அந்த ஆற்றலுக்குக் கிடைக்கும் சம்பளம் இன்னொன்று. மூன்றையும் ஒரே எண்ணுக்குள் போட்டுக் குழைப்பதால் வரும் வினை இது.

ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு

சோறு வெந்துவிட்டதா என்று பார்க்க யாரும் பானையைக் கவிழ்ப்பதில்லை. ஒரு பருக்கையை எடுத்து நசுக்கிப் பார்த்தால் போதும். ஏன் போதும்? ஒரே அரிசி, ஒரே தண்ணீர், ஒரே தீ. அதனால் ஒரு பருக்கை மற்றவற்றுக்கெல்லாம் சாட்சி சொல்லும். ஆனால் பக்கத்து அடுப்பில் கொதிக்கும் மீன்குழம்பில் உப்பு சரியா என்று அந்தப் பருக்கையிடம் கேட்க முடியாது.

தேர்வும் அப்படி எடுக்கும் ஒரு பருக்கைதான். ஆறு ஆண்டு படித்த கணக்கிலிருந்து சில கேள்விகளை எடுத்து, சில மணி நேரத்தில் கேட்கிறார்கள். முழுவதையும் அறிய ஒரு பகுதியை எடுத்துப் பார்ப்பதற்கு ‘மாதிரி’ என்று பெயர். கணக்குத் தேர்வு, பள்ளிக் கணக்கு என்ற பானைக்கு நல்ல மாதிரி. பிள்ளையின் பொறுமைக்கோ, கைநேர்த்திக்கோ, நாலு பேரோடு சேர்ந்து வேலை செய்யும் பாங்குக்கோ அது மாதிரியாகாது.

மாதிரி என்றாலே கொஞ்சம் தவறும் கூட வரும். அதே பிள்ளைக்கு அடுத்த வாரம் வேறொரு வினாத்தாள் கொடுத்தால் மதிப்பெண் சற்று ஏறலாம், இறங்கலாம். முதல் நாள் சளிக்காய்ச்சலாக இருந்திருக்கலாம். துணைப்பாட வகுப்பில் எழுதிப் பழகிய தலைப்பே கட்டுரைக்கு வந்திருக்கலாம். பிள்ளையின் அறிவில் மாற்றமே இல்லாமல் எண் மட்டும் ஆடும் இந்த ஆட்டம்தான் ‘அளவைப் பிழை’. 231க்கும் 230க்கும் இடையிலான ஒரு புள்ளி வேறுபாடு, பெரும்பாலும் இந்த ஆட்டத்துக்குள்ளேயே அடங்கிவிடும். அந்த ஒரு புள்ளிக்காக விரும்பிய பள்ளி கைநழுவிப்போன வீடுகள் உண்டு.

பழைய எண் எப்படி வந்தது என்று தெரிந்தால் இது இன்னும் தெளிவாகும். ஒவ்வொரு பாடத்திலும் பிள்ளையின் மதிப்பெண்ணை அந்த ஆண்டு எழுதிய எல்லாருடைய சராசரியோடும் ஒப்பிட்டார்கள். மதிப்பெண்கள் சராசரியைச் சுற்றி எவ்வளவு அகலமாகச் சிதறியிருக்கின்றன என்பதைக் காட்டும் அளவுக்குத் ‘திட்டவிலக்கம்’ என்று பெயர். சராசரியில் நிற்பவருக்கு 50. ஒரு திட்டவிலக்கம் மேலே நின்றால் 60, கீழே நின்றால் 40. சராசரி 70, திட்டவிலக்கம் 10 என்று வைத்துக்கொள்வோம். 80 வாங்கிய பிள்ளைக்கு 60 வரும். மற்றவர்கள் சுமாராக எழுதிச் சராசரி 60க்கு இறங்கியிருந்தால், அதே 80க்கு 70 வரும். நான்கு பாடங்களுக்கும் இப்படிக் கணக்கிட்டுக் கூட்டியதுதான் அந்த 230, 250 எல்லாம். பிள்ளைக்கு எவ்வளவு தெரியும் என்பதை அல்ல, வரிசையில் எங்கே நிற்கிறது என்பதையே அந்த எண் சொன்னது.

2021 முதல் அதற்குப் பதிலாக அடைவுநிலை வந்தது. ஒரு பாடத்தில் 90 அல்லது அதற்கு மேல் என்றால் அடைவுநிலை 1. 85 முதல் 89 வரை 2. இப்படியே போய், 65 முதல் 74 வரை 5, 45 முதல் 64 வரை 6, 20க்குக் கீழே 8. நான்கு பாடங்களையும் கூட்டினால் மிகச் சிறந்த முடிவு 4, கடைசி 32. பக்கத்துப் பிள்ளை எப்படி எழுதினாலும் நம் பிள்ளையின் அடைவுநிலை மாறாது. ஒற்றை மதிப்பெண்ணாகப் பிரிக்காமல் பட்டைகளாக வைத்தது சோம்பல் கணக்கும் அல்ல. அளவைப் பிழைக்கு விட்ட இடம். 89க்கும் 90க்கும் நடுவே கோடு இருக்கத்தான் செய்கிறது. எங்கே கோடு போட்டாலும் அதன் ஓரத்தில் யாராவது நிற்பார்கள்.

ஒரு பருக்கை, எல்லாப் பானைக்கும்

1979இல் அப்போதைய துணைப் பிரதமர் கோ கெங் சுவீ தலைமையில் வந்த அறிக்கை, பள்ளியைப் பாதியில் விட்டுப் போகிறவர்கள் மிக அதிகம் என்று கண்டது. அதைத் தொடர்ந்து மாணவர்களைத் தரம் பிரிக்கும் முறை வந்தது. பின்னாளில் உயர்நிலைப் பள்ளியில் விரைவுநிலை, வழக்கநிலை ஏட்டுக்கல்வி, வழக்கநிலை தொழில்நுட்பம் (நார்மல் டெக்னிக்கல்) என்று அது நிலைத்தது. பாதியில் நிற்பவர்கள் குறைந்தார்கள் என்பதை மறுக்கக் கூடாது. அதற்கு முன் புரியாத பாடத்தைக் கேட்டுக்கொண்டு பின்வரிசையில் உட்கார்ந்திருந்த பிள்ளைகள் அவர்கள்.

கோளாறு வேறிடத்தில். நான்கு பாடங்களைக் கூட்டிய ஒரே எண்ணை வைத்து எல்லாப் பாடத்துக்கும் தரம் ஒதுக்கினார்கள். ஆங்கிலத்தில் தடுமாறி, கணக்கில் புலியாக இருந்த பிள்ளையும் மொத்த எண்ணால் கீழே போனது. வீட்டில் தமிழ் மட்டும் புழங்கிய குடும்பங்கள் இதை நன்றாக அறியும். அந்தப் பிரிவின் பெயரே பிள்ளைமேல் ஒட்டிக்கொள்ளும். பதினைந்து வயதில் “நான் நார்மல் டெக்னிக்கல்” என்று தன்னை அறிமுகப்படுத்திக்கொள்ளும்.

2024இல் உயர்நிலை ஒன்றில் சேர்ந்தவர்களிலிருந்து அந்தப் பிரிவுகள் இல்லை. ஜி1, ஜி2, ஜி3 என்று ஒவ்வொரு பாடத்துக்கும் தனித்தனி நிலை; எளியது ஜி1, கடினமானது ஜி3. கணக்கை ஜி3இலும் ஆங்கிலத்தை ஜி2இலும் ஒரே பிள்ளை படிக்கலாம். ஒவ்வொரு பானையிலும் அதனதன் பருக்கை.

இதுவரை பார்த்தது இவ்வளவுதான்: தேர்வு ஒரு மாதிரி, அதில் பிழை உண்டு, எடுத்த பானைக்கு மட்டுமே அது சாட்சி. அப்படியானால் எல்லாப் பானைக்கும் அடியில் எரியும் பொதுத் தீ ஒன்று இல்லையா?

பொதுவான அறிவாற்றல் என்று ஒன்று உண்டா?

உண்டு என்றும் சொல்லலாம். எதை உண்டு என்கிறோம் என்பதில் கவனம் வேண்டும். 1904இல் சார்ல்ஸ் ஸ்பியர்மன் என்ற ஆங்கிலேயர் பள்ளிப் பிள்ளைகளின் மதிப்பெண்களை ஆராய்ந்தார். ஒரு பாடத்தில் நன்றாகச் செய்தவர்கள் மற்றப் பாடங்களிலும் பெரும்பாலும் நன்றாகவே செய்திருந்தார்கள். கணக்கு, மொழி, புதிர் என்று எந்த அறிவுச் சோதனையை வைத்தாலும் அவை ஒன்றோடொன்று ஓரளவு சேர்ந்தே ஏறி இறங்குகின்றன. நூறாண்டாகத் திரும்பத் திரும்பச் சரிபார்த்த முடிவு இது. சேர்ந்து ஏறி இறங்கும் அந்தப் பங்குக்குப் ‘பொது அறிவாற்றல்’ என்று பெயர் வைத்தார்கள். இது புள்ளிவிவரத்தில் தெரியும் ஒரு போக்கு. மூளைக்குள் இன்ன இடத்தில் இருக்கிறது என்று தொட்டுக் காட்டக்கூடிய பொருள் கிடையாது.

அடுத்த ஆண்டு, 1905இல், பாரிஸில் ஆல்ஃபிரட் பினேயும் தியோடோர் சிமோனும் ஒரு சோதனையை உருவாக்கினார்கள். பள்ளியில் கூடுதல் உதவி தேவைப்படும் பிள்ளைகளைக் கண்டுபிடிப்பதுதான் நோக்கம். அறிவு பிறப்பிலேயே அளந்து வைத்த சரக்கு, அது வளராது என்ற எண்ணத்தைப் பினே வெளிப்படையாகவே எதிர்த்தார். அவர் 1911இல் இறந்துபோனார். உதவி தேவையானவரைத் தேட வந்த கருவி, பிற்பாடு ஆட்களை வரிசைப்படுத்தும் கருவியாகக் கடல் கடந்து போனது.

இன்று ஐக்யூ என்று சொல்லும் எண், ஒரே வயதுக்காரர்களின் சராசரியை 100 என்றும் திட்டவிலக்கத்தை 15 என்றும் வைத்துக் கணக்கிடுவது. பழைய பிஎஸ்எல்இ எண்ணுக்கு இது ஒன்றுவிட்ட அண்ணன். இதுவும் வரிசையில் இடம்தான். பள்ளியில் ஒருவர் எப்படித் தேறுவார் என்பதை இது ஓரளவு நன்றாகவே முன்கூட்டிச் சொல்கிறது. அதனால் “ஐக்யூ வெறும் புருடா” என்று தள்ளவும் முடியாது. மறுபக்கம், 2018இல் வெளிவந்த ஒரு பெரிய தொகுப்பாய்வு ஆறு லட்சத்துக்கும் அதிகமானவர்களின் தரவைப் பார்த்து, கூடுதலாகப் படிக்கும் ஒவ்வோர் ஆண்டுக்கும் ஐக்யூ 1 முதல் 5 புள்ளி வரை உயர்கிறது என்று கண்டது. அறிவு இருப்பதால் படிப்பு வருகிறது. படிப்பதாலும் அறிவு வளர்கிறது. பினே சொன்னதற்கு இவ்வளவு தாமதமாக ஒரு சாட்சி.

எட்டு வகை அறிவு என்ற இனிப்பு

1983இல் ஹார்வர்டைச் சேர்ந்த உளவியலாளர் ஹாவர்ட் கார்ட்னர் அறிவு ஒன்றல்ல, மொழி, தருக்கம், இசை, உடலியக்கம் என்று ஏழு என்றார். பின்னர் இயற்கையறிவைச் சேர்த்து எட்டாக்கினார். துணைப்பாட நிலையங்களின் துண்டறிக்கைகளில் இன்றும் எட்டு வண்ண வட்டமாக இதைப் பார்க்கலாம்.

இசையும் நடனமும் மனிதர்களோடு பழகுவதும் மதிக்கத்தக்க ஆற்றல்கள் என்று உரக்கச் சொன்னது கார்ட்னரின் நன்மை. ஆனால் எட்டும் ஒன்றையொன்று சாராத தனித்தனி அறிவுகள் என்பதற்கு உளவியலார் கேட்கும் ஆதாரம் தேறவில்லை; அளக்கக்கூடியவை ஸ்பியர்மன் கண்டதுபோல் சேர்ந்தே நகர்கின்றன. இதிலிருந்து ‘ஒன்றில் குறைந்தால் இன்னொன்றில் இறைவன் ஈடுகட்டியிருப்பான்’ என்று நாமாகச் சேர்த்துக்கொண்டதற்கு ஆதாரமே கிடையாது. ஆறுதல் சொல்ல நல்ல வார்த்தை. படிக்கத் திணறும் பிள்ளைக்கு அது சோறு போடாது. வாசிப்புக் குறைபாடு இருக்கிறதா என்று நேரத்தோடு பார்க்கவேண்டிய ஆண்டுகளை இந்த ஆறுதலிலேயே கழித்துவிடும் ஆபத்து உண்டு.

‘என் பிள்ளை பார்த்துப் படிக்கும் ரகம், கேட்டுப் படிக்கும் ரகம்’ என்பதும் இதே கடைச் சரக்கு. 2008இல் நான்கு உளவியல் ஆய்வாளர்கள் அதுவரை வந்த ஆய்வுகளைத் துருவிப் பார்த்து, ரகத்துக்கு ஏற்பக் கற்பித்தால் நன்றாகக் கற்பார்கள் என்பதற்குப் போதிய ஆதாரம் இல்லை என்று எழுதினார்கள்.

கைவேலையில் மூளை எங்கே இருக்கிறது?

எனக்கு இந்த விஷயத்தில் மிகவும் பிடித்த இடம் இதுதான்.

ஈசூனில் எங்கள் வீட்டு ஏர்கான் தண்ணீர் சொட்டியது. வந்த அண்ணன் முதலில் கருவிப்பையைத் திறக்கவே இல்லை. ஓடவிட்டார். காற்று வரும் வாயில் கையை வைத்தார். கொஞ்சம் காது கொடுத்தார். முன்மூடியைக் கழற்றியதும் உள்ளே சுருள் முழுக்க வெள்ளையாகப் பனி. “கேஸ் போட வேண்டாம்ணே, இது அழுக்கு” என்றார். நான் ஏன் என்று கேட்ட பிறகுதான் காரணம் வந்தது. கேஸ் குறைந்தால் பனி பெரும்பாலும் ஒரு ஓரத்தில் தொடங்கும். தூசு அடைத்துக் காற்று போகாவிட்டால் சுருள் முழுக்கப் பரவலாகப் பிடிக்கும். அது உருகிச் சொட்டும். பனியே இல்லாமல் சொட்டினால் வடிகுழாய் அடைப்பு. தேர்வறையில் ‘மூன்று காரணங்களையும் வேறுபடுத்துக’ என்று கேட்டால் முழு மதிப்பெண்ணுக்குரிய பதில். அவருக்கு அது பதிலாகத் தோன்றவில்லை, பார்த்ததும் தெரிந்த ஒன்று, அவ்வளவுதான்.

பார்த்ததும் தெரிவது எப்படி நடக்கிறது? 1973இல் வில்லியம் சேஸ், ஹெர்பர்ட் சைமன் இருவரும் சதுரங்க ஆட்டக்காரர்களிடம் இதைச் சோதித்தார்கள். நடுவில் நிறுத்திய உண்மையான ஆட்டம் ஒன்றை 5 நொடி காட்டிவிட்டுக் காய்களை அப்படியே அடுக்கச் சொன்னார்கள். தேர்ந்த ஆட்டக்காரர் பெரும்பாலானவற்றைச் சரியாக அடுக்கினார், புதியவர் நான்கைந்தோடு நின்றார். அடுத்து, அதே காய்களைக் கண்டபடி இறைத்துவைத்துக் காட்டினார்கள். தேர்ந்தவருக்கு இருந்த சாதகம் ஏறக்குறைய மறைந்துவிட்டது. அவருக்கு நினைவாற்றல் கூடுதலாக இருந்திருந்தால் இரண்டிலும் ஜெயித்திருக்க வேண்டுமே. அவர் தனித்தனிக் காய்களைப் பார்க்கவில்லை. ஆயிரக்கணக்கான ஆட்டங்களில் பழகிய கூட்டங்களாகப் பார்த்தார். பல துண்டுகளை ஒன்றாகச் சேர்த்து மனம் ஒரே அலகாகக் கையாளும் அமைப்புக்கு ‘கொத்து’ என்று பெயர்.

ஏர்கான் அண்ணனிடம் இருப்பதும் கொத்துகள்தான். மருத்துவரிடமும் வழக்கறிஞரிடமும் இருப்பவையும் அவையே. புத்தகம் வழியாக வந்தால் அறிவு, கை வழியாக வந்தால் வெறும் பழக்கம் என்று பிரிப்பதற்கு மூளைக்குள் எந்தக் கோடும் இல்லை. உள்ள வேறுபாடு, ஒன்றைத் தாளில் எழுதிக் காட்டலாம், இன்னொன்றை எழுதிக் காட்டுவது கடினம் என்பதே. தாளில் மாதிரி எடுக்க முடியாததை நாம் இல்லை என்றே நினைத்துக்கொண்டோம்.

பிரேசிலின் ரெசிஃபே நகரில் நடத்தி 1985இல் வெளியிட்ட ஓர் ஆய்வு இதை அழகாகக் காட்டுகிறது. டெரெசின்யா நூனெஸும் அவரோடு சேர்ந்த இருவரும் தெருவில் பழம், தேங்காய் விற்ற ஐந்து பிள்ளைகளிடம் வாடிக்கையாளர்போல் போய்க் கணக்குக் கேட்டார்கள். ஒரு தேங்காய் 35, பத்து எவ்வளவு? பன்னிரண்டு வயதுப் பையன் மூன்று 105, இன்னும் மூன்று 210 என்று கூட்டிக்கொண்டே போய் 350 என்றான். விற்பனையில் 98 விழுக்காடு விடைகள் சரி. அதே மாதிரிக் கணக்குகளைப் பிறகு தாளில் வெறும் எண்களாகக் கொடுத்தபோது சரியானவை 37 விழுக்காடு. பத்தால் பெருக்க ஒரு சுழியம் போதும் என்ற பள்ளி விதி அவனிடம் இல்லை. ஆனால் எண்கள் எப்படிச் சேர்கின்றன என்பது பிடிபட்டிருந்தது. ஐந்தே பிள்ளைகள், சிறிய ஆய்வு. ஆனாலும் ஒரே தலைக்கு 98, 37 என்ற இரண்டு மதிப்பெண் போடக்கூடிய கருவியை நம்பி ‘கணக்கு வராத பிள்ளை’ என்று முத்திரை குத்துமுன் கொஞ்சம் யோசிக்க வேண்டும்.

அப்படியானால் பள்ளி எதற்கு?

இங்கே மறுபக்கமும் சாய்ந்துவிடக் கூடாது. கொத்துகளுக்கு ஒரு குறை உண்டு: பழகிய இடத்தைவிட்டு நகர மாட்டா. ஓரிடத்தில் கற்றது வேறோரிடத்தில் பயன்படுவதைக் ‘கடத்தல்’ என்பார்கள் (சுங்கத்துறைக்கும் இதற்கும் தொடர்பில்லை). இறைத்துவைத்த காய்களின் முன்னே தேர்ந்த ஆட்டக்காரர் திணறியதும் அதனால்தான். சதுரங்கம் கற்றால் கணக்கு வரும், வயலின் கற்றால் அறிவு கூடும் என்ற விளம்பரங்களை இந்தக் கண்ணோடு பார்க்கலாம். வயலின் கற்றால் வயலின் வரும். அதுவே போதாதா?

வாசிப்பு, பின்னம், இயற்கணிதம், காரணகாரியத்தோடு எழுதுவது ஆகியவற்றைப் பள்ளி பிடிவாதமாகக் கற்பிப்பது, அவை மற்றவற்றைவிட எளிதாக ஊர்விட்டு ஊர் போகும் என்பதால். சுழிய விதி தேங்காய்க்கும் பொருந்தும், மருந்தளவுக்கும் பொருந்தும். ஏர்கானில் புது வகை குளிர்வாயு வந்தால் கையேட்டை வாசித்துத்தான் ஆகவேண்டும். 1992இல் தொடங்கிய தொழில்நுட்பக் கல்விக் கழகம் பட்டறையையும் வகுப்பறையையும் சேர்த்தே வைத்திருப்பதற்கும் இதுவே காரணம். ‘படிப்பு வராதவர் போகுமிடம்’ என்று அதைச் சொல்கிறவர்கள் அங்மோகியோ வளாகத்தை ஒருமுறை எட்டிப் பார்க்கலாம்.

சம்பளம் வேறு கணக்கு

தேர்வையும் ஆற்றலையும் பார்த்தாயிற்று. மூன்றாவது, அந்த ஆற்றலுக்குக் கிடைக்கும் விலை. ஒரு வேலைக்குக் கிடைக்கும் சம்பளம், அதற்கு எவ்வளவு மூளை வேண்டும் என்பதை அளப்பதில்லை. அந்த வேலைக்கு எத்தனை பேர் கிடைக்கிறார்கள், அவர்களால் பேரம் பேச முடியுமா, திறமையை வெளியார் எப்படி அறிவார்கள் என்பவையே அதை முடிவுசெய்கின்றன.

கடைசிக் காரணத்தை 1973இல் மைக்கல் ஸ்பென்ஸ் என்ற பொருளியலாளர் விளக்கினார்; 2001இல் நோபெல் பரிசு பெற்றவர்களில் ஒருவர். முதலாளிக்கு ஆளின் உள்ளாற்றல் தெரியாது. பட்டம் தெரியும். உள்ளே இருப்பதைக் காட்ட வெளியே பிடிக்கும் அடையாளத்துக்குச் ‘சமிக்ஞை’ என்று பெயர். பட்டத்தின் ஒரு பங்கு கற்ற சரக்கு, இன்னொரு பங்கு சமிக்ஞை. கைத்தொழிலில் சரக்கு நிறைய, சமிக்ஞை குறைவு.

பேரம் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். தமிழ்நாட்டிலிருந்து வந்து கப்பல் பட்டறையில் பற்றவைக்கும் தம்பியின் இணைப்பு, எந்த ஊர் வெல்டரின் இணைப்பையும்போல் அதே சோதனையில் தேறியாக வேண்டும். அவர் சம்பளமோ, ஊரில் என்ன கிடைத்திருக்கும் என்பதை மனத்தில் வைத்துப் பேசி முடித்தது. அதை வைத்து அவர் அறிவை எடைபோடுவது எவ்வளவு அபத்தம்!

துப்புரவு, பாதுகாவல், மின்தூக்கிப் பராமரிப்பு போன்ற துறைகளில் படிப்படியான சம்பள உயர்வு முறையைக் கொண்டுவந்து, திறன் கூடும்போது குறைந்தபட்ச ஊதியமும் கூடும்படி அரசாங்கம் செய்திருக்கிறது. தொழில்நுட்பக் கல்விக் கழகத்தில் படித்த 30 வயது வரையுள்ள சிங்கப்பூரர் பட்டயப் படிப்பில் சேர்ந்தால் கல்விக் கணக்கில் 5,000 வெள்ளி, முடித்தால் மத்திய சேமநிதியில் 10,000 வெள்ளி என்ற ஊக்கத்தொகையும் இருக்கிறது. நல்ல உதவிதான். ஆனால் இரண்டும் ஒரே வகை அல்ல. முதலாவது இருக்கும் வேலையின் விலையை ஏற்றுகிறது. அடுத்தது இன்னொரு சான்றிதழுக்கு ஏணி போடுகிறது. வெவ்வேறு அறிவுக்கும் மதிப்பு உண்டு என்று சொல்ல முதலாவதுதான் நேரான வழி என்பது என் கட்சி.

வேறு விதமாக மாதிரி எடுக்கும் இடம்

பலதுறைத் தொழிற்கல்லூரிகளிலும் தொழில்நுட்பக் கல்விக் கழகத்திலும் முன்கூட்டிய சேர்க்கை என்று ஒரு வழி உண்டு. இறுதித் தேர்வு முடிவு வருமுன்பே, துறைமேல் உள்ள நாட்டத்தையும் திறனையும் பார்த்து நிபந்தனையுடன் இடம் கொடுக்கிறார்கள். நேர்காணல், செய்த வேலைகளின் தொகுப்பு போன்றவற்றால் பார்ப்பார்கள். குழம்பின் உப்பைக் குழம்பிலேயே பார்ப்பதுபோல்.

இதற்கும் அளவைப் பிழை உண்டு. சரளமாக ஆங்கிலம் பேசும் பிள்ளை நேர்காணலில் பிரகாசிக்கும். மோட்டாரைப் பிரித்து மாட்டத் தெரிந்த கூச்சக்காரப் பிள்ளை தலைகுனிந்து “யெஸ், நோ” என்று முடித்துவிடும். விண்ணப்பம் ஆண்டின் நடுப்பகுதியில் தொடங்கும். பிள்ளைக்கு நாட்டம் இருந்தால் உயர்நிலை மூன்றிலிருந்தே செய்வதையெல்லாம் படம் எடுத்துவைக்கச் சொல்லுங்கள். முடிந்த பொருளின் படம் மட்டும் போதாது. முதலில் எது ஓடவில்லை, ஏன் ஓடவில்லை, எதை மாற்றியதும் ஓடியது என்று படத்துக்கு ஓரிரு வரி வேண்டும். வாய் திக்கினாலும், கையில் இருக்கும் அந்தத் தாள்களைக் காட்டிப் பேச்சைத் தொடங்கலாம்.